முப்பத்தைந்து கிலோமீட்டர் காணவில்லை

"நூத்தி அறுபத்தொண்ணு" என்றார் முதலாளி, ஸ்பீடு கன்னின் சின்னத் திரையைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்.

"பொய்" என்றான் கணக்கு.

"மெஷின் பொய் சொல்லுமாய்யா?"

"மெஷின் சொல்லாது சார். பிடிக்கிறவர் நிக்கிற இடம் சொல்லும். ஜெட் நேரா உங்க மூஞ்சிக்கு வந்தாத்தான் முழு வேகம் தெரியும். நீங்க பக்கவாட்டுல நிக்கிறீங்க. குறைச்சுத்தான் காட்டும்."

"நேரா மூஞ்சிக்கு வரணுமா? அப்போ நீ போய் நில்லு. நான் இங்கேர்ந்து பிடிக்கிறேன்."

மைதானத்தின் மறுகோடியில் 'ஊசி' புல்லை உரசாமல் ஓடுதளத்தில் இறங்கி, மூக்கை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து நின்றது. ஒன்றரை மீட்டர் நீளம், வெள்ளை உடம்பு, தையல்காரர் கூடப் பொறாமைப்படும் கூர்மூக்கு. நிஜ ஜெட்டைப் போலத் தீ கக்காது. வயிற்றுக்குள் ஒரு குழாய். குழாய்க்குள் மின்விசிறி. பேட்டரி கொடுத்தால் முன்னால் காற்றை உறிஞ்சிப் பின்னால் துப்பும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் கணக்கின் இரண்டு வருஷத் தூக்கம் அடங்கியிருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. மாடல் விமான கம்பெனியில் சேர்ந்த புதிதில், டீ ஆறும் நேரத்தைக்கூடத் தாளில் போட்டுப் பார்த்துக் குடித்தான். அன்றிலிருந்து கணக்கு. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பழைய பெயர் உயிரோடு இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வியாபாரிங்க வர்றாங்க" என்றார் முதலாளி, கன்னை உறையில் போட்டபடி. "இருநூறு தாண்டும்னு சொல்லித்தான் கூப்பிட்டிருக்கேன். நீ சொன்னதை நம்பித்தான் சொன்னேன். தாண்டலைன்னா இந்த ஊசியைப் பரண்ல போட்டுட்டு, நீ மறுபடியும் தெர்மாகோல் கிளைடர் வரையலாம். கையால வீசற கிளைடர். அதுல வேகம் பிரச்சினையே இல்லை. குழந்தை எவ்வளவு சோறு தின்னுதோ அவ்வளவு வேகம்."

கார் கிளம்பிப் போனது. ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி மைத்துனன் வந்து சேர்ந்தான். கணக்கின் மனைவிக்குத் தம்பி. கம்பெனியின் பைலட்டும் அவனே, பிசிறு தேய்த்துப் பெயின்ட் அடிப்பவனும் அவனே.

"என்ன மாமா, எவ்வளவு?"

"கேக்காதே மாப்ளே."

"நான் ஃபுல் த்ராட்டில்தான் குடுத்தேன். கட்டைவிரல் வலிக்குது பாருங்க."

"உன் கட்டைவிரலையும் சந்தேகப்படறேன்."

கணக்கு அப்போது எல்லோரையும் சந்தேகப்பட்டான்.

*

வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று மேலிருந்து சரிந்து வருவது: விசிறியின் இழுப்பு. விமானம் நிற்கும்போது அது அதிகம். வேகம் ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். ஏனென்றால், காற்றை எவ்வளவு வேகமாகப் பின்னால் துப்புகிறதோ அதைவிட வேகமாக விமானத்தால் முன்னால் போகவே முடியாது. ஊசி துப்பும் காற்று மணிக்கு முந்நூறு கிலோமீட்டர். முந்நூறை நெருங்க நெருங்க இழுப்பு தேய்ந்து பூஜ்யமாகிவிடும்.

இன்னொரு கோடு கீழிருந்து எகிறுவது: எதிர்க்காற்றின் தடை. வேகம் இரட்டித்தால் தடை நாலு மடங்கு.

இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உச்ச வேகம். கணக்கின் தாளில் அவை இருநூற்றுப்பத்தில் வெட்டிக்கொண்டன. நூறு தடவை போட்டுப் பார்த்தாயிற்று. பென்சிலால், கம்ப்யூட்டரால், ஒருமுறை கோபத்தில் குளியலறைக் கண்ணாடி ஆவியில் விரலால். எப்போதும் இருநூற்றுப்பத்து.

வானத்தில் மட்டும் இல்லை.

ஜி.பி.எஸ். சில்லு ஒன்றை ஊசிக்குள் ஒட்டி அனுப்பினான். அது நூற்று எழுபத்தொன்று என்றது. "நொடிக்கு ஒரு தடவைதான் பார்க்கும், உச்சத்துல கண்ணை மூடியிருக்கும்" என்று அதையும் தள்ளுபடி செய்தான். ஸ்பீடு கன் ஒரு சாட்சி, சில்லு ஒரு சாட்சி. இரண்டையும் குறுக்கு விசாரணை செய்து விரட்டியாயிற்று. ஆனால் வக்கீலுக்கே தன் கட்சிக்காரன் மீது லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

"இழுப்பு பத்தலைய்யா" என்றார் முதலாளி, பட்டறைக்கு வந்தபோதெல்லாம். அந்தக் காலத்தில் தண்ணீர் பம்பு விற்றவர். இழுப்பு என்றால் அவருக்குப் புரியும், மற்றதெல்லாம் வளவளா. பட்டறைத் தூணில் ஒரு ஸ்பிரிங் தராசு மாட்டியிருந்தார். விமானத்தின் வாலில் கயிறு கட்டி, தராசில் கோத்து, ஃபுல் த்ராட்டில். முள் எத்தனை கிலோவில் நிற்கிறதோ அதுதான் அந்த விமானத்தின் ஜாதகம். "நாலு கிலோ இழுக்காத ஜெட் என் கம்பெனி வாசலைத் தாண்டாது" என்பது அவர் போட்ட சட்டம். ஊசி முதலில் மூன்று கிலோ நானூறுதான் இழுத்தது. பிறகு ஒரு வாரத்தில் நாலைத் தொட்டது.

"புது பேட்டரி மாமா" என்றிருந்தான் மைத்துனன்.

கணக்கு தலையைக்கூடத் தூக்கவில்லை. நின்ற இடத்தில் கயிற்றை இழுப்பது சர்க்கஸ் யானை வேலை. அந்த எண்ணுக்கு அவன் தாளில் இடமே இல்லை.

*

"என் நெயில் பாலிஷைப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி, அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"நான் எதுக்கு அதைப் பார்க்கப் போறேன்?"

"சிவப்பு. புது பாட்டில். இந்த வீட்டுல எல்லாம் காணாமப் போகுது."

"எனக்கு அம்பது கிலோமீட்டர் காணோம். உனக்கு ஒரு பாட்டில்தானே."

அவள் பாட்டு டீச்சர். முன்னறையில் சாயங்காலம் பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்து ஸ்வரம் பாடுவார்கள். ஏதாவது ஒரு குரல் முடியளவு கீழே இறங்கினால், சமையலறையில் இருந்தபடியே "யாரது, மூணாவது ஆளு?" என்பாள். பிள்ளைகள் அவளுக்குச் சுவருக்குள்ளும் காது இருப்பதாக நம்பினார்கள்.

அன்று வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளையும் போன பிறகு, கணக்கு போனை அவள் முன் நீட்டினான்.

"இதைக் கேளு. ஓடுதள ஓரத்துல போனை வெச்சுப் பதிவு பண்ணினேன். ஜெட் வரும்போது ஒரு ஸ்வரம் கேக்கும். தாண்டிப் போனதும் இறங்கிடும். ஆம்புலன்ஸ் கடந்து போறப்ப இறங்குமே, அது மாதிரி. எங்கேர்ந்து எங்கே இறங்குதுன்னு சொல்லு."

"எதுக்கு?"

"எவ்வளவு இறங்குதோ அவ்வளவு வேகம். இதுக்குக் கோணம் கிடையாது, சில்லு கிடையாது. பொய் சொல்லவே முடியாது."

கையில் ஒரு துண்டுத்தாள் வைத்திருந்தான். தாண்டிப் போன சத்தத்தை 'ச' என்று வைத்துக்கொண்டால், வரும் சத்தம் காந்தாரமாக இருந்தால் வேகம் நூற்று முப்பத்தேழு. சுத்த மத்தியமமாக இருந்தால் ஒலியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு: நூற்று எழுபத்தாறு. அதற்கு அரை ஸ்வரம் மேலே, பிரதி மத்தியமமாக இருந்தால் இருநூற்றெட்டு. பஞ்சமம் என்றால் இருநூற்று நாற்பத்தேழு. பஞ்சமத்துக்கு அவன் ஆசைப்படவில்லை. அந்த அரை ஸ்வரம் போதும்.

ஙீஈஈஈ என்று வந்து ஙூஊஊ என்று போனது ஊசி.

அவள் கண்ணை மூடினாள். மறுபடி போடச் சொன்னாள். மெல்ல முணுமுணுத்துப் பார்த்தாள்.

"மத்தியமம்."

அவன் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டான். "பிரதி?"

"சுத்தம்."

"நல்லாக் கேளு. கொஞ்சம் மேலே இல்லை?"

"இல்லைங்க. குழாய் மாதிரி சுத்த மத்தியமம். நீங்க முறைச்சா சுருதி ஏறாது."

அவன் உட்கார்ந்தான். மூன்றாவது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. செய்தால் ராத்திரிச் சாப்பாடு இல்லை.

ஆக நூற்று எழுபத்தாறு. ஐம்பது இல்லை, முப்பத்தைந்துதான் காணவில்லை. ஆனால் நிஜமாகவே காணவில்லை. கன்னைத் திட்டியதெல்லாம் வீண். கணக்கு தப்பு, அல்லது ஊசியில் யாரோ உட்கார்ந்துகொண்டு பிரேக் பிடிக்கிறார்கள்.

*

சனிக்கிழமை காலையில் மூன்று ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கட்டினான். முதல் ஓட்டத்துக்கு இறக்கையின் விளிம்பை மெழுகு தேய்த்து வழவழப்பாக்கினான். இரண்டாவதற்கு வாலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு திருகை இழைத்தான். மூன்றாவதற்குப் பேட்டரியை மாற்றினான்.

இரண்டாவது ஓட்டத்தில் ஊசி தலைக்கு மேல் பாயும்போது அவன் அலறினான்.

"மாப்ளே! சக்கரம்! சக்கரத்தை மடக்கலைடா! காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுது பாரு, கொக்கு மாதிரி!"

"அய்யோ, சுவிட்சை ரெண்டு தடவை தட்டிட்டேன் மாமா."

"ஒரு ஓட்டம் வேஸ்ட். இருக்கறதே அஞ்சு பேட்டரி. எங்கேடா உன் மூளை?"

"நீங்க கத்தறப்பல்லாம் அது வெளியே போயிடுது."

மூன்றாவதில் ஒழுங்காக மடக்கினான். ஸ்பீடு கன்னைக் கணக்கு எடுத்துப் போகவே இல்லை. போன் மட்டும் ஓடுதள ஓரத்தில் புல்லில் படுத்திருந்தது.

மதியம் மனைவி கறிகாய் நறுக்கிக்கொண்டே மூன்றையும் கேட்டாள்.

"மூணும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா?"

"மூணும் அதே மத்தியமம். ஜெராக்ஸ் எடுத்த மாதிரி."

"மெழுகு போட்டேன்! திருகை இழைச்சேன்!"

"நீங்க பாட்டுக்கு என்ன வேணா இழைங்க. அது பாட்டுக்கு அதே ஸ்வரத்துலதான் போகுது."

கணக்கு போனைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தான். கூடத்தில் நடந்தான். திரும்ப வந்தான். ஜன்னல் திரையை இழுத்தான். அது கம்பியோடு கழன்று அவன் மேலேயே விழுந்தது. திரைக்குள்ளிருந்து "சே!" என்று ஒரு சத்தம்.

பிறகு சத்தமே இல்லை.

"என்னங்க? அடிபட்டுடுச்சா?"

திரைக்குள்ளிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"ரெண்டாவது ஓட்டமும் அதே ஸ்வரமா? நல்லாத் தெரியுமா?"

"அதைத்தானே சொன்னேன்."

"ரெண்டாவதுல சக்கரம் தொங்கிக்கிட்டிருந்துச்சு."

"அதனால?"

திரையை உதறிக்கொண்டு வெளியே வந்தான். தலைமுடியில் நூல் ஒட்டியிருந்தது. "சக்கரம் வெளியே இருந்தா, சக்கரக் கதவும் திறந்திருக்கும். சக்கரம் சின்னது, காற்றைப் பிடிக்கிறது கதவுதான். வேகம் கண்டிப்பா குறையணும். உன் காதுக்குப் பட்டுன்னு தெரியணும். குறையலை. மடக்கினாலும் அதே வேகம், மடக்காட்டியும் அதே வேகம். அப்படின்னா?"

அவள் கத்தியை வைத்தாள். "மடக்கினப்பவும் மடங்கலை."

"சக்கரம் மடங்குது. என் கண்ணால பார்த்தேன். கதவு மூடலை!"

பாதி நறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு அவளும் கூடவே கிளம்பினாள். இத்தனை நாள் மத்தியமத்தைச் சுமந்தவளுக்கு முடிவு தெரிய வேண்டாமா?

*

பட்டறையில் மைத்துனன் மறுநாளுக்காக ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கணக்கு அதைப் பிடுங்காத குறையாக வாங்கி மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்தான். சுவிட்சைத் தட்டினான். சக்கரங்கள் மடங்கின. இரண்டு மெல்லிய கதவுகளும் வந்து டிக் என்று மூடிக்கொண்டன. நகம் நுழையவில்லை.

"அருமையா மூடுதே மாமா" என்றான் மைத்துனன். குரலில் என்னவோ ஒரு அவசரம்.

கணக்குக்கு மறுபடியும் முட்டுச்சந்து. மேஜையை உதைத்தான். மேஜை வலிமையானது, கால்தான் வலித்தது.

"பறக்கும்போது காற்று முன்னாலேர்ந்து உள்ளே வந்து முட்டுமில்லையா?" என்றாள் மனைவி. "இங்கே சும்மாதானே கிடக்கு."

அவன் நொண்டியபடி நின்று அவளைப் பார்த்தான். பிறகு மூலைக்குப் போனான். மரத்தூள் ஊதும் மிஷினை இழுத்து வந்தான். அதன் வாயை ஊசியின் மூக்குத் துவாரத்தில் வைத்து சுவிட்சைப் போட்டான்.

சக்கரக் கதவுகள் இரண்டும் மெல்ல வாயைப் பிளந்தன.

தரையில் தூக்கிப் போட்ட மீன் வாய் மாதிரி பிளந்து, படபடவென்று துடித்தன. ஊதுவதை நிறுத்தினான், சமர்த்தாக மூடிக்கொண்டன. ஊதினான், பிளந்தன.

கணக்கு டார்ச்சை எடுத்தான். கதவை விரலால் நிமிர்த்திப் பிடித்துச் சக்கரப் பொந்துக்குள் அடித்தான். உள்ளே சுவர் இருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் காற்றுக் குழாய். சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை. அடுத்த பொந்தில் இன்னொன்று. வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம், பிசிறே இல்லை. விளிம்பில் நார் பிரியாமலிருக்கப் பளபளவென்று சிவப்புப் பூச்சு.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என் நெயில் பாலிஷ்!"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மைத்துனன் கதவுப் பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தான்.

"நில்லுடா" என்றாள் அக்கா.

நின்றான்.

"திருட்டு ஓட்டை!" கணக்கின் குரல் கிறீச்சிட்டது. இந்தத் தொழிலில் அந்த ஓட்டைக்குப் பேரே அதுதான். நிற்கும்போது குழாய் பக்கவாட்டிலும் காற்றைத் திருடிக்கொள்ளும். தராசில் இழுப்பு ஏறும். "என் விமானத்துல! எனக்குத் தெரியாம! நிக்கிறப்போ உள்ளே உறிஞ்சும். பறக்கிறப்போ குழாய்க்குள்ள அழுத்தம் ஏறி வெளியே தள்ளும். காற்றும் லீக், கதவும் பிரேக்! ஏன்டா?"

"நாலு கிலோ வரலையே மாமா."

"அதனால?"

"நாலு வரலைன்னா வாசலைத் தாண்டாதுன்னு முதலாளி சொல்லிட்டார். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. கோடு போட்டுக்கிட்டே இருந்தீங்க. ரெண்டு வருஷ வேலை வெறும் அறுநூறு கிராமுக்காகச் சாகக் கிடந்துச்சு. சரி, நம்மாலான உதவின்னு..."

"உதவியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா நீங்க விடமாட்டீங்க."

அது உண்மை. அதனாலேயே கணக்குக்குக் கோபம் இன்னும் ஏறியது. முள் ஒரே வாரத்தில் அறுநூறு கிராம் ஏறியதே, புது பேட்டரிக்கு அவ்வளவு ஏறுமா என்று சின்னப் பிள்ளை கேட்கும். தராசு மீது இருந்த இளக்காரத்தில் அவன் கேட்கவில்லை.

"இப்பவே அடைக்கிறேன்" என்று பசையைத் தேடினான்.

"அடைங்க. நாளைக்கு வியாபாரிங்க முன்னாடி முதல்ல தராசுலதான் மாட்டுவார். முள் மூணே காலு, மூணரைன்னு நிக்கும். பறக்கவே விடமாட்டார்."

பசை டப்பாவோடு கணக்கு நின்றான். ஓட்டை இருந்தால் தராசில் பாஸ், வானத்தில் ஃபெயில். ஓட்டை இல்லாவிட்டால் வானத்தில் பாஸ், வானத்துக்கே போக முடியாது. இப்படி ஒரு சமன்பாட்டுக்கு விடை கிடையாது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை.

"ரெண்டு பரீட்சையும் ஒரே நேரத்துலயா நடக்கும்?" என்றாள் மனைவி.

*

ஞாயிறு காலை. மைதானக் கொட்டகைக் கம்பத்தில் தராசு தொங்கியது. நாற்காலிகளில் வியாபாரிகள். தொப்பி போட்ட ஒருவர் கையில் அவருடைய சொந்த ஸ்பீடு கன் இருந்தது.

முதலாளி கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டிருந்தார். கயிறு கட்டினார்கள். விசிறி அலறியது. முள் நடுங்கி நாலில் நின்றது.

"பார்த்துக்குங்க!" என்றார் முதலாளி. கைதட்டல்.

வியாபாரிகள் டீ குடிக்கத் திரும்பினார்கள். கணக்கும் மைத்துனனும் ஊசியைக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பழைய குழாயிலிருந்து வெட்டிய இரண்டு வளைந்த மூடிகள் மைத்துனன் சட்டைப்பையில் தயாராக இருந்தன. பொந்துக்குள் வைத்து அலுமினிய டேப்பால் சுற்றி ஒட்டினார்கள். மனைவி கொட்டகை முனையில் நின்று, யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு. பாட்டு டீச்சர் இருமினால் தொண்டை கெடும் என்பதால் கடைசியில் தும்முவதாக மாற்றிக்கொண்டாள். தேவைப்படவில்லை.

ஊசி ஏறியது. தூரத்தில் ஒரு புள்ளியாகத் திரும்பி, ஓடுதளத்தின் மேல் கோடு கிழித்தது போல வந்தது. தொப்பிக்காரர் வேலியோரம் நேர்முனையில் போய் நின்றிருந்தார், விஷயம் தெரிந்தவர்.

ஙீஈஈஈ. ஙூஊஊ.

கணக்கு கன் பக்கம் பார்க்கவில்லை. மனைவி பக்கம் பார்த்தான். அவள் உதடு அசைந்தது. கண்ணைத் திறந்து, ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினாள்.

அரை ஸ்வரம் மேலே.

"இருநூத்தி ஆறு!" என்று கத்தினார் தொப்பிக்காரர்.

கொட்டகை அமர்க்களப்பட்டது. கணக்குக்குக் கண் கலங்கியது. இரண்டு கோடுகளும் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொண்டன. அந்த ஒரு கணம் உலகத்தில் தப்பு எதுவுமே இல்லை.

முதலாளி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "நான் சொன்னேனா இல்லையா? நாலு கிலோ இழுப்பு! அதான் இந்த வேகம்! நான் தராசைக் கட்டிக்கிட்டு அழுதப்போ இவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

கணக்குக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. "மாமா, வேணாம்" என்று மைத்துனன் கையைப் பிடித்தான். உதறிவிட்டு, இறங்கி நின்ற ஊசியைத் தூக்கி வந்து, அவனே கயிறு கட்டி, தராசில் கோத்தான்.

"இப்ப இழுக்கச் சொல்லுங்க சார்."

விசிறி அலறியது. பறந்து வந்த பேட்டரியைக்கூட மாற்றிவிட்டுத்தான் செய்தான்; பின்னால் ஒரு பேச்சு வரக் கூடாது. முள் மூன்று நானூறில் நின்றது.

சிரிப்பு நின்றது.

கணக்கு எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டை, கதவு, மூடி, டேப். யார் வெட்டியது என்பதை மட்டும் விட்டுவிட்டான். நின்று இழுக்கிற இழுப்பு வேறு, இருநூறில் பறக்கும்போது மிஞ்சுகிற இழுப்பு வேறு என்று கையை ஆட்டிச் சொன்னான். "நாலு கிலோவும் உண்மை சார். இருநூத்தி ஆறும் உண்மை. ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல கிடையாது."

முதலாளி தராசைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். நெடுநேரம் மோவாயைச் சொறிந்தார். கணக்கு மனசுக்குள் தெர்மாகோல் கிளைடருக்கு இறக்கை வரைய ஆரம்பித்திருந்தான்.

முதலாளி தொப்பிக்காரரிடம் திரும்பினார்.

"உங்க கடையில ஓடுதளம் இருக்கா?"

"கடையிலா? நிக்கவே இடமில்லை."

"தராசு இருக்கா?"

"நாலு இருக்கு."

"அவ்வளவுதான்யா!" முதலாளி தொடையில் தட்டினார். "ஓட்டை இருக்கட்டும். கடையில வெச்சு இழுத்துக் காட்டட்டும். மூடி ரெண்டையும் தனியா ஒரு கவர்ல போடு. மேலே 'ஸ்பீடு கிட்'னு அச்சடி."

"சார், மூடி போடாம பறக்கவிட்டா நூத்தி எழுபத்தாறுதான் போகும்! அதுக்கு நான் வரையவே வேண்டாமே!"

"குறிப்புல எழுதிடு."

"குறிப்பை யார் சார் படிப்பாங்க?"

"வாங்கறவன் படிப்பான். உன் பைலட்டைக் கேளு. தம்பி, நீ குறிப்பைப் படிப்பியா?"

மைத்துனன் வானத்தைப் பார்த்தான். மேகம் எதுவும் இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஊசி பரணுக்குப் போகவில்லை. அங்கேயே ஆர்டர் எடுத்தார்கள்.

*

பெட்டியின் மாதிரி அட்டை அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து வந்தது. மேகத்தைக் கிழிக்கும் ஊசி. இடது பக்கம் கொட்டை எழுத்தில் 'இழுப்பு 4 கிலோ'. வலது பக்கம் அதே கொட்டையில் 'வேகம் 206'. கணக்கு கேட்டபடி இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். நட்சத்திரத்துக்கான விளக்கம் அடிப்பக்கத்தில், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். உள்ளே பேட்டரி இருந்தால் கவிழ்க்கக் கூடாது என்று அதற்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையும் இருந்தது.

"எப்படி?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கு சார்" என்றான் கணக்கு, பல்லைக் கடித்தபடி.

"அடுத்த ஜெட்டை ஆரம்பி. இன்னும் பெருசு. வேகம் என்ன வேணா இருக்கட்டும், அதை உன் இஷ்டத்துக்கு விடறேன். இழுப்பு மட்டும் அஞ்சு கிலோ."

கணக்கு புதுத் தாளை மேஜையில் விரித்தான். மேலிருந்து சரியும் கோட்டை வரைந்தான். பிறகு எழுந்து போய், வாழ்க்கையில் முதல்முறையாக, தூணில் தொங்கிய தராசுக்கு எண்ணெய் போட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான்.

"மாமா" என்று பின்னால் குரல். "அக்கா புது பாட்டில் வாங்கியிருக்கு. இந்தத் தடவை பச்சை."

கணக்கு திரும்பாமலே கையை நீட்டினான். மைத்துனன் பெருமூச்சு விட்டுப் பாட்டிலை அந்தக் கையில் வைத்தான். கணக்கு அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.